தசமம்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால்.
ஹார்பர்ஃப்ரண்ட் நிலையத்துக் கழிப்பறைக்குள்
கம்பெனிச் சட்டையோடு போன தேவசகாயம்
மஞ்சள் பனியனில் வெளியே வந்தான்.
"வேர்க்கும்ல" என்றான்.
நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
பதினெட்டு வருடமாய் இவனை சகா என்கிறேன்.
பெயரைச் சுருக்கியதுதான்.

நாலு மலை என்பது திட்டம்.
இவற்றை மலை என்று சொல்வது
நிஜ மலை எதன் காதிலும் விழாதிருக்கட்டும்.
எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுதான வாரம்
இதைவிட அதிகம் ஏறியிருக்கிறேன்,
பத்துக் கிலோ அரிசியோடு.

ஃபேபர் குன்றின் படிகளை
சகா எண்ணிக்கொண்டே ஏறினான்.
எண்ணுவதுதான் எங்கள் வேலையாக இருந்தது:
சில்லு, தூசு, குறை.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடைக்குள்
கண் மட்டும் தெரிய,
நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்போம்.
இருநூற்றுச் சொச்சத்தில் கணக்கு விட்டுப்போயிற்று.
உச்சியில் கேபிள் கார்கள்
காலியாய்ப் போய்க் காலியாய் வந்தன.
"இதையும் ஒருநாள் கணக்குப் பாத்து மூடிருவானுங்க."
வேலையைப் பற்றி அன்று பேசியது அவ்வளவுதான்.

அலைபோல் வளைந்த மரப்பாலத்திலிருந்து
கீழே சாலை தெரிந்தது.
எல்லாரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.
எல்லாரும்.

தெலுக் பிளாங்கா ஏற்றத்தில்
ஒரு சீனத் தாத்தா
பின்பக்கமாகவே நடந்து மேலேறினார்.
முட்டிக்கு நல்லதாம்.
சகாவும் திரும்பிக்கொண்டான்.
பத்தடி ஏறியிருப்பான்.
"ஏத்தமே தெரியலடா.
விட்டுட்டு வந்தது மட்டும் தெரியுது"
என்றவன் வேர் தடுக்கி
என்மேல் விழுந்தான்.

மூன்றாவது மலையை மழை எடுத்துக்கொண்டது.
கெண்ட் ரிட்ஜ் என்று பலகை சொன்னது,
நாங்கள் பார்த்ததெல்லாம் ஒரு கூரை,
நாலு தூண், நடுவில் நனையாத பெஞ்சு.
அப்போது பிலோமி அழைத்தாள்.
"பிரேக்குல இருக்கேன்மா.
அதுவா, ஏசி சத்தம்."
மழை இன்னும் கொஞ்சம் பலமாய்ப் பெய்து
அவனுக்கு உதவியது.
நான் ஷூவைக் கழற்றித்
தண்ணீரைக் கொட்டுவதில் மும்முரமானேன்.
அதில் தண்ணீர் இல்லை.

பேருந்து பிடித்து புக்கிட் தீமா.
தார்ச்சாலையின் கடைசித் திருப்பத்தில்
இருவருக்கும் பேச்சு நின்றுபோய்
மூச்சு மட்டும் மாறிமாறிப் பதில் சொன்னது.
உச்சியில் ஒரு பாறை,
பாறையில் ஒரு பலகை:
நூற்று அறுபத்து மூன்று புள்ளி ஆறு மூன்று மீட்டர்.
உயரம் போதாதவர்கள்
தசமத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான்.
புளிச்சாதம், அவனுக்கு மிக அதிகம்.
அவித்த முட்டை இரண்டு.
ரப்பர் பேண்டு சுற்றிய கரண்டி இரண்டு.
இவன் கையால் சாப்பிடுகிறவன்.
பதினெட்டு வருடமும் கேன்டீனில்
கரண்டி கேட்டு எழுந்துபோனவன் நான்.

மூடியைக் கையில் வைத்தபடி
நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.
அந்த நேரம் போதும் ஒரு குரங்குக்கு.
முட்டையில் ஒன்று மரத்தின்மேல் போய்விட்டது.
மீதியைப் பிட்டோம்.
மஞ்சள் கரு என் பக்கம் கூடுதலாய் வந்தது,
அவன் திருப்பிக் கேட்கவில்லை.

"எப்பருந்து தெரியும்னு நெனைக்கிற?"
எனக்கு எப்படித் தெரியும்.
"உப்பு சரியா இருக்கு" என்றேன்.

இறங்கும்போதுதான் முழங்கால் பேசியது.
ரயிலில் அவன் தூங்கினான்,
பை மடியில், பைக்குள் கம்பெனிச் சட்டை
காலையில் மடித்த மடிப்புக் குலையாமல்.
ஈசூன் வந்ததும் தட்டி எழுப்பினேன்.
கழிப்பறை இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தான்.
பிறகு அந்த மஞ்சள் பனியனோடே,
முதுகில் சேறோடே,
நான் எங்கும் கண்டுபிடித்துவிடக்கூடிய அந்த நடையில்
வீட்டுப் பக்கத்து வாசலுக்கு நடந்தான்.